மூன்று கட்டத் தாள்

நான் நாற்காலி சோதிப்பவன். எங்கள் ஊர் ஆபீஸ் நாற்காலித் தொழிற்சாலையில் முப்பத்தெட்டு வருஷம் அதுதான் வேலை. வரிசையில் வரும் நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, முதுகைச் சாய்த்து, கைப்பிடியை உலுக்கிப் பார்ப்பேன். சரியில்லை என்றால் சிவப்புச் சீட்டு. நான் நல்லது என்று அனுப்பிய நாற்காலி எவனையாவது கீழே தள்ளிவிட்டதாக ஒரு புகார் வந்ததில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. கண் அப்படிப் பழகிவிட்டது, எதைப் பார்த்தாலும் முதலில் கோளாறுதான் தெரியும் என்பதற்காகச் சொல்கிறேன். மனிதர்களிடமும் அப்படித்தான். என் தம்பி யெல்லேயிடமும் அப்படித்தான்.

யெல்லே போன பிப்ரவரியில் செத்துப்போனான். அறுபத்தோரு வயது. கர்த்தருடைய திருவிருந்தில் ஒரே ஒரு தடவைகூட கை நனைக்காமல் போனான். அதற்குக் காரணம் நான். சுற்றி வளைத்துச் சொல்வானேன்? நான்தான் காரணம்.

எங்கள் சபையில் அந்தக் காலத்தில் மூன்று விஷயம் ஆகாது: சீட்டாட்டம், நடனம், சினிமா. எங்கள் பாட்டன்மார் ஹாலந்திலிருந்து கப்பலேறி வந்து இந்த மிச்சிகன் சதுப்பு நிலத்தில் செலரிக்கீரை போட்டபோது கூடவே கொண்டுவந்த சட்டம் அது. அப்பா சபை மூப்பர். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கத்தரிக்கோலைக்கூடத் தொடக்கூடாது. பிரசங்கம் மூன்று பாகமாக இருக்கும்; ஒவ்வொரு பாகத்தின் தொடக்கத்திலும் அம்மா கைப்பையைத் திறந்து ஆளுக்கொரு பெப்பர்மின்ட் கொடுப்பாள். யெல்லே மட்டும் அதைக் கடக்மடக்கென்று கடித்துவிடுவான். பிறகு இரண்டாம் பாகம் எப்போது வரும் என்று போதகரின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பான். போதகருக்கு என்ன தெரியும், பையன் என்ன பக்தியாகக் கேட்கிறான் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போவார்.

அவனுக்குப் பதினேழு வயதில், சபை முன்னால் எழுந்து நின்று விசுவாச அறிக்கை செய்ய இருந்த வசந்தத்தில், யாருக்கும் தெரியாமல் பஸ் ஏறி கிராண்ட் ராப்பிட்ஸ் போய் ஒரு படம் பார்த்துவிட்டு வந்தான். செவ்வாய்க் கிரகத்துக்காரர்கள் சோளக்காட்டில் வந்து இறங்குகிற படம். இரவெல்லாம் போர்வைக்குள்ளிருந்து எனக்குக் கதை சொன்னான். எனக்கு இருபது வயது. கதையைக் கடைசிவரை ஆவென்று கேட்டேன். மறுநாள் காலையில் அவன் கோட்டுப் பையிலிருந்து டிக்கெட் துண்டை எடுத்து அப்பாவிடம் கொடுத்தேன்.

ஏன் கொடுத்தேன்? இன்றைக்குவரை எனக்குத் தெரியவில்லை. அவனைத் திருத்துவதற்காக என்று அப்போது நினைத்துக்கொண்டேன். அப்பா அவனை மூப்பர்கள் முன்னால் நிறுத்தினார். அறிக்கையை ஆறு மாதம் தள்ளிவைத்தார்கள். எங்கள் சபையில் விசுவாச அறிக்கை செய்யாதவனுக்கு அப்பமும் இல்லை, ரசமும் இல்லை. ஆறு மாதம் கழித்து யெல்லே ஊரிலேயே இல்லை. லாரியில் கிளீனராகச் சேர்ந்து, பிறகு டிரைவராகி, நாற்பத்துநாலு வருஷம் சாலையிலேயே கழித்துவிட்டான்.

காலம் மாறியது. சபையும் மாறியது. சினிமாவுக்குப் போகலாம், ஆனால் யோசித்துப் போக வேண்டும் என்றார்கள். பிறகு யோசிப்பதையும் விட்டுவிட்டார்கள். அப்பா போன பிறகு நானே மூப்பரானேன். ஓய்வு பெற்றதும் கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. சோதிப்பதற்கு நாற்காலி இல்லையே! சபையின் கீழ்த்தளத்தில் சனிக்கிழமை மூன்று மணிக்குப் படம் போட ஆரம்பித்தேன். எல்லாம் விஞ்ஞானக் கற்பனைப் படங்கள். அவற்றில்தான் பெரிய கேள்விகள் இருக்கின்றன, எது நிஜம், எது மாயை, மனிதன் என்பவன் யார் என்று. நம் பிள்ளைகள் அதையெல்லாம் எப்படியும் பார்க்கத்தான் போகிறார்கள், நம்மோடு உட்கார்ந்து பார்க்கட்டும் என்று போதகர் நைஹோஃபிடம் வாதாடி அனுமதி வாங்கினேன். டிக்கெட் துண்டைக் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். படம் போடுகிறவனும் நானே. இதை என் மனைவி ட்ரீனா ஒருநாள் முகத்துக்கு நேரே கேட்டாள்.

"ரூலஃப், இந்தப் படமெல்லாம் யாருக்காகப் போடுற? ஊர்ப் பிள்ளைங்களுக்கா, யெல்லேக்கா?"

"உளறாத. அவன் எங்கேயோ டெக்சஸ் பக்கம் லாரி ஓட்டிக்கிட்டு இருக்கான்."

"ஓட்டல. ஓய்வு வாங்கிட்டு ஏரிக்கரையில டிரெய்லர் வீட்டுல தனியா கிடக்கான். மூணு வாரம் ஆச்சு. நான்தான் பட்டாணி சூப்பு கொண்டுபோய்க் குடுத்துட்டு வர்றேன். உனக்குச் சொல்லல, அவ்வளவுதான்."

அடுத்த சனிக்கிழமை அவனை அவளே இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். லாரிக்காரத் தொப்பி, தொப்பை, முழங்கால் வலி. படிக்கட்டில் ஒவ்வொரு படிக்கும் ஒரு முனகல். என்னைப் பார்த்ததும் ஒரு சிரிப்பு சிரித்தான் பாருங்கள், பழைய போர்வைச் சிரிப்பு.

"என்ன அண்ணே, அப்பா மட்டும் இருந்திருந்தா உன்னையும் சேத்து மூப்பருங்க முன்னாடி நிறுத்தியிருப்பாரு. இந்தத் தடவை டிக்கெட்டு உண்டா, இல்ல ஓசியா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். காது மட்டும் சூடாகிவிட்டது.

அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமையும் தவறவில்லை அவன். கொஞ்ச நாளில் ஞாயிற்றுக்கிழமையும் வர ஆரம்பித்தான். ட்ரீனாவுக்குப் பக்கத்தில் நடைபாதை ஓரமாக உட்காருவான், முழங்காலை நீட்டிக்கொள்ள. பிரசங்கத்தின் முதல் பாகத்தில் ட்ரீனா பெப்பர்மின்ட் கொடுத்தால் இப்போதும் கடக்மடக்தான்.

சனிக்கிழமைப் படம் முடிந்ததும் நான் எல்லோருக்கும் ஒரு தாள் கொடுப்பேன். அதில் மூன்று கட்டம். முதல் கட்டத்தில் படத்தில் கண்ட உண்மை. இரண்டாவதில் பொய். மூன்றாவதில் அதற்கான வேதவசனம். பத்து நிமிஷம் எழுதுவார்கள். பிறகு நான் எழுந்து சரியான விடையைச் சொல்வேன். முதல் நாள் இரவே தயார் செய்து வைத்திருப்பேன், ஏழெட்டுப் பொய்யாவது கண்டுபிடித்துவிடுவேன். தாள்களை வாங்கி அட்டைப் பெட்டியில் போட்டு வைப்பேன். படிக்க மாட்டேன். விடைதான் என்னிடமே இருக்கிறதே!

அக்டோபரில் ஒரு படம் போட்டேன். ஒரு கப்பல், விண்வெளியில் போகிறது. அதில் நானூறு பேர் பெட்டிகளுக்குள் தூங்குகிறார்கள். எல்லோருக்கும் ஒரே கனவு. கனவில் ஒரு ஊர். வீடு, கடை, கல்யாணம், வேலிச்சண்டை எல்லாம் உண்டு. கனவு என்று ஒருவருக்கும் தெரியாது. வெளியே கப்பலில் தீப்பிடித்துவிடுகிறது. விழித்திருப்பது மெக்கானிக் ஒருத்திதான். அவள் பெட்டிகளைத் தட்டித் தட்டிக் கத்துகிறாள். உள்ளே அது இடிச்சத்தமாகத்தான் கேட்கிறது. மழை வருகிறது என்று கொடியில் காயும் துணியை எடுக்க ஓடுகிறார்கள். கடைசியில் அவளே ஒரு காலிப் பெட்டியில் படுத்து அந்தக் கனவுக்குள் போகிறாள். உள்ளே அவள் கையை நம்பிப் பிடித்தவன் விழித்துக்கொள்வான். ஆனால் அவளை எழுப்ப வெளியே ஆள் கிடையாது. அது தெரிந்தேதான் படுக்கிறாள். ஊர்க்காரர்கள் அவளைப் பைத்தியம் என்று பூட்டிவைக்கிறார்கள். தண்ணீர்க்குழாய் பழுது பார்க்கிற ஒருவன் மட்டும் காபி கொண்டுபோய்க் கொடுத்து, அவள் சொல்வதைக் கேட்டுவிட்டு, கையை நீட்டுகிறான்.

படம் முடிந்து விளக்கைப் போட்டேன். யெல்லே தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தான். தாளில் ஏதோ எழுதினான். நான் எழுந்து என் பட்டியலைப் படித்தேன். உலகமே பொய் என்கிறது படம். தேவன் உண்டாக்கின உலகம் நல்லது. பாவம் என்ற பேச்சே இல்லை. வெறும் தூக்கம்தான் மனிதனின் குறையாம். உயிர்த்தெழுதல் இல்லை. இப்படி ஆறு.

"அண்ணே, ஒண்ணு சொல்லட்டா?" என்றான் யெல்லே.

"சொல்லேன்."

"உலகமே பொய்னு படம் சொல்லல. கனவுலயும் அந்தக் காபி நல்லாத்தான் இருந்துச்சு. அவளும் ரசிச்சுத்தானே குடிச்சா? பொய்யா இருந்தா எதுக்குக் குடிக்கணும்?"

"அது சும்மா காட்சிக்காக வச்சது, யெல்லே."

"இருக்கலாம். ஆனா அவகிட்ட நிரூபிக்க ஒண்ணுமே இல்ல, பாத்தியா? ஒரு அடையாளம் இல்ல, ஒரு தாளு இல்ல. வெளியேருந்து கத்துனா இடிதான் கேக்கும்னு தெரிஞ்சு உள்ளயே வந்துட்டா. அவ்வளவுதான். நாப்பது வருஷமா எனக்கும் இடிதான் அண்ணே கேட்டுது. அப்பா கத்துனது, போதகர் கத்துனது, எல்லாம் இடி. நானும் துணி எடுக்க ஓடுனேன்."

அவன் கண் கலங்கியிருந்தது. இரண்டு பையன்கள் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? கடிகாரத்தைப் பார்த்தேன். "நல்ல கருத்து. ஆனா அது மூணாவது கட்டத்துக்கு வராது, வசனம் வேணும்" என்று சொல்லித் தாள்களை வாங்கிக்கொண்டேன்.

மறுவாரம் அவன் போதகரைப் போய்ப் பார்த்து, விசுவாச அறிக்கை செய்யவேண்டும் என்று கேட்டிருக்கிறான். ட்ரீனா அடுப்படியில் நின்று அழுதுவிட்டாள். எனக்கும் சந்தோஷம்தான். சத்தியமாகச் சந்தோஷம். நாற்பத்துநாலு வருஷமாக நெஞ்சில் கிடந்த ஒரு கல்லைத் தூக்கி எறியப் போகிறேன் என்று நினைத்தேன். அவன் அப்பத்தை எடுத்து வாயில் வைத்துவிட்டால் அந்த டிக்கெட் துண்டு என் கையைவிட்டுப் போய்விடும்.

ஆனால் அதே சமயம் இன்னொரு தொல்லை. டெர்க் ஸ்லாக்டர் என்று ஒரு மூப்பர். இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர். ஆணியை எண்ணி விற்பது மாதிரி வார்த்தையையும் எண்ணித்தான் பேசுவார். சனிக்கிழமைப் படங்களை நிறுத்தவேண்டும் என்று அவர் மனு கொடுத்திருந்தார். நவம்பர் கூட்டத்தில் இரண்டு விஷயம் வைத்தார்கள். முதலில் யெல்லே. அடுத்து என் படங்கள்.

மூப்பர் அறையில் நீள மேசை. சுவரில் பழைய போதகர்களின் படங்கள், ஒருவராவது சிரிக்க வேண்டுமே! நாங்கள் பன்னிரண்டு பேர், போதகரோடு பதின்மூன்று. யெல்லே கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு வந்திருந்தான். அப்பாவுடைய கழுத்துப்பட்டை. ட்ரீனா எங்கிருந்தோ தேடிக் கொடுத்திருக்கிறாள். அவனுக்குக் காபி ஊற்றிக் கொடுத்தார்கள், பாதியைத் தட்டில் சிந்திவிட்டான்.

போதகர் நைஹோஃப் மென்மையான மனிதர். "யெல்லே, பயப்படாதீங்க. ஆண்டவர் உங்களைக் கூப்பிட்டது எப்பன்னு உங்க வார்த்தையில சொல்லுங்க, போதும்" என்றார்.

யெல்லே சொன்னான். அந்தக் கப்பலைச் சொன்னான். பெட்டியில் தானே படுத்த பெண்ணைச் சொன்னான். "அன்னைக்குத்தான் புரிஞ்சுதுங்க. அவர் மேலேருந்து கத்தல. பெட்டிக்குள்ள வந்து படுத்தாரு. என் கனவுக்குள்ள வந்து, எங்க ஊர்க் காபியைக் குடிச்சு, எங்ககிட்டயே அடி வாங்குனாரு. கையைப் பிடிச்சுக்கிட்டேன். அவ்வளவுதாங்க எனக்குத் தெரியும்."

அப்படி ஒரு அறிக்கையை நான் மூப்பராக இருந்த பத்தொன்பது வருஷத்தில் கேட்டதில்லை. எங்கள் பிள்ளைகள் எல்லாம் மனப்பாடம் செய்ததை ஒப்பித்துவிட்டு ஓடுவார்கள்.

டெர்க் பேனாவை மேசையில் வைத்தார். "அப்படின்னா உங்களை இரட்சிச்சது தேவ வார்த்தை இல்ல, சினிமா. ரூலஃப், இதைத்தானே நான் ஆறு மாசமா சொல்லிக்கிட்டிருக்கேன்?"

பன்னிரண்டு முகமும் என் பக்கம் திரும்பின. யெல்லேயும் திரும்பினான். அவன் முகத்தில் பயமே இல்லை. அண்ணன் இருக்கிறான், அண்ணன் சொல்வான் என்ற முகம்.

நான் சொல்லியிருக்கவேண்டியது ஒரு வரி. 'இவன் சொன்னது சுவிசேஷம்தான், நான் சாட்சி.' அவ்வளவு போதும். போதகர் அதற்குத்தான் காத்திருந்தார். அதைப் பிற்பாடு அவரே என்னிடம் சொன்னார்.

நான் என்ன யோசித்தேன்? இவனுடைய விசுவாசம் படத்திலிருந்து வரவில்லை, சின்ன வயதில் மனப்பாடம் செய்கிற சபை வினாவிடையில் உறுதியாக இருக்கிறான் என்று காட்டிவிட்டால் டெர்க்கின் வாய் அடைபடும், இரண்டு விஷயமும் ஒரே கல்லில் முடியும் என்று கணக்குப் போட்டேன். சோதிக்கிற புத்தி. கைப்பிடியை ஒரு தடவை உலுக்கிக் காட்டுவோமே என்ற புத்தி.

"யெல்லே, வினாவிடையில முதல் கேள்விக்குப் பதில் சொல்லு" என்றேன்.

சின்ன வயதில் நாங்கள் இருவரும் அடுப்படி மேசையில் உட்கார்ந்து படித்தது. எங்கள் ஆட்களுக்கு மரணப்படுக்கையில்கூட அது வரும். யெல்லே தொண்டையைக் கனைத்துக்கொண்டான். முதல் வரி வந்தது. இரண்டாவது வரியில் பாதி வந்தது. அதோடு நின்றுவிட்டது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான். அதே இடத்தில் நின்றது.

"வரமாட்டேங்குது அண்ணே" என்று சிரிக்கப் பார்த்தான். "அப்பா குரல்லதான் ஞாபகம் வருது. பாதியில பெல்ட்டைக் கழட்டுற சத்தம் கேக்குது, மீதி மறந்துபோவுது."

ஒருவரும் சிரிக்கவில்லை. டெர்க் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் தெரியுமா? யெல்லேமேல். இவ்வளவு முக்கியமான நாளில் ஒரு பதிலைப் படித்துவிட்டு வரக்கூடாதா என்று!

"வினாவிடை வகுப்புல மூணு மாசம் உக்காரட்டும்" என்றேன். "ஈஸ்டருக்கு அறிக்கை செய்யலாம். அவசரம் என்ன? இது நான் கொண்டுவர்ற தீர்மானம்."

சொந்த அண்ணனே சொல்லும்போது யார் மறுப்பார்கள்? கை தூக்கினார்கள். போதகர் தூக்கவில்லை. யெல்லே எழுந்து எல்லோருக்கும் நன்றி சொல்லிவிட்டு வெளியே போனான். அடுத்து என் படங்களைப் பேசினார்கள். ரூலஃப் கண்டிப்பானவர், சொந்தத் தம்பி என்றுகூடப் பார்க்காதவர், அவர் கையில் படம் இருந்தால் ஆபத்தில்லை என்று டெர்க்கே சொன்னார். ஒன்பதுக்கு மூன்று ஓட்டில் படம் தொடரலாம் என்றானது. தம்பியைக் கொடுத்துப் படத்தை வாங்கிக்கொண்டேன்.

காரில் அவனைக் கொண்டுபோய் விட்டேன். பனி கொட்ட ஆரம்பித்திருந்தது.

"கோவமா?" என்று கேட்டேன்.

"சேச்சே. நாப்பத்துநாலு வருஷம் போயாச்சு, மூணு மாசம் என்ன." கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டான். "அந்த டிக்கெட்டுத் துண்டை அப்பாகிட்ட குடுத்தது நீதான்னு எனக்கு அன்னைக்கே தெரியும் அண்ணே."

ஒரு மன்னிப்புக் கேட்டிருக்கலாம். பாதை முழுக்க நேரம் இருந்தது, நான்கு மைல். "கதவைப் பாத்துத் திற, வழுக்கும்" என்றேன்.

அவன் வகுப்புக்குப் போனான் என்றால் நம்புவீர்களா? பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில், அந்தச் சின்ன மேசையில் தொப்பை இடிக்க, புதன்கிழமை தோறும் போய் உட்கார்ந்தான். பிள்ளைகளுக்கு லாரிக்கதை சொல்லி, அவர்களிடம் பதிலைக் கேட்டுக் கேட்டுப் படித்தான். "முதல் கேள்வி முடிஞ்சுது அண்ணி, அப்பா பெல்ட்டைத் தாண்டியாச்சு" என்று ட்ரீனாவிடம் வந்து சொன்னானாம்.

ஜனவரி முதல் ஞாயிறு திருவிருந்து. எங்கள் சபையில் மூப்பர்கள்தான் அப்பத்தட்டை வரிசை வரிசையாகக் கொண்டுபோவோம். ஓரத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் கொடுத்தால், எடுத்துக்கொண்டு அடுத்தவருக்கு நகர்த்துவார்கள். அறிக்கை செய்யாதவர்கள் தாங்கள் எடுக்காமல் தட்டை நகர்த்திவிடுவார்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை, குழந்தைகளும் அப்படித்தான் செய்கிறார்கள். யெல்லே உட்காரும் பக்கத்து வரிசைகள் அன்று என் பொறுப்பு.

யெல்லே ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு அந்தப் பக்கம் ட்ரீனா. நான் தட்டோடு வந்து நின்றதும் அவன் இரண்டு கையையும் நீட்டினான். வாங்கி நகர்த்துவதற்கா, எடுப்பதற்கா? தெரியாது. சத்தியமாக எனக்குத் தெரியாது. அவன் கண் என்மேல் இல்லை, தட்டின்மேல் இருந்தது. சதுரம் சதுரமாக வெட்டிய வெள்ளை ரொட்டியைப் பசித்தவன் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு வரிசை தள்ளி டெர்க் உட்கார்ந்திருந்தார். எடுத்துவிட்டால்? என்று நினைத்தேன். ஊரே பார்க்குமே!

தட்டை அவன் கைகளுக்கு மேலாகத் தூக்கி, அவனைத் தாண்டி, ட்ரீனாவிடம் நீட்டினேன்.

ட்ரீனா தட்டை வாங்கவில்லை. அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். கடைசியில் வாங்கி, தானும் எடுக்காமல், அப்படியே அடுத்தவருக்கு நகர்த்தினாள். யெல்லேயின் கைகள் கொஞ்ச நேரம் நீட்டியபடியே இருந்தன. பிறகு ஒரு கையைக் கோட்டுப் பையில் விட்டு ஒரு பெப்பர்மின்ட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். அன்றைக்கு அதைக் கடிக்கவில்லை. சத்தம் கேட்குமா என்று நான் அடுத்த வரிசையில் நின்று காது கொடுத்துக்கொண்டே இருந்தேன்.

அன்று வீட்டில் சாப்பாட்டு மேசையில் ட்ரீனா கேட்டாள். "அவன் கையில குடுத்திருந்தா உனக்கு என்ன குறைஞ்சு போயிருக்கும்?"

"சட்டம்னு ஒண்ணு இருக்கு, ட்ரீனா."

"வாங்கி நகர்த்துறதுக்குமா சட்டம்? குழந்தைங்க கையில குடுக்குற, உன் தம்பி கையில குடுக்கமாட்ட."

பதில் இல்லை. பன்றித்தொடைக் கறி ஆறிக்கொண்டிருந்தது.

பிப்ரவரி பதினான்காம் தேதி காலையில், டிரெய்லர் வாசலில் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தவன் மண்வெட்டியோடு சாய்ந்துவிட்டான். தபால்காரர் பார்த்திருக்கிறார். நான் போய்ச் சேரும்போது முழங்கால்மேல் புதுப்பனி விழுந்திருந்தது. "யெல்லே, எந்திரிடா. யெல்லே, அண்ணன் வந்திருக்கேன்" என்று கையைப் பிடித்துக் கத்தினேன். எவ்வளவு கத்தினாலும் அவனுக்குக் கேட்காது என்று தெரிந்தேதான் கத்தினேன். ஈஸ்டருக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

அடக்கத்தில் போதகர் நைஹோஃப் நன்றாகத்தான் பேசினார். யெல்லே கர்த்தரோடு இருக்கிறான், எனக்கும் அதில் சந்தேகமில்லை. அங்கே பந்தியில் யாரும் அவனைத் தாண்டித் தட்டை நீட்டியிருக்க மாட்டார்கள். என் வருத்தம் அவன் எங்கே இருக்கிறான் என்பதில் இல்லை. அவனை என் கையால் வரவேற்க எனக்கு இரண்டு தடவை வாய்ப்பு வந்தது, இரண்டு தடவையும் நான் சிவப்புச் சீட்டைத்தான் கட்டினேன். கீழ்த்தளத்தில் எல்லோரும் பன்றிக்கறி ரொட்டியைக் கடித்துக்கொண்டு வானிலை பேசினார்கள். டெர்க் வந்து என் தோளில் கை வைத்து, "வகுப்புல நல்லாப் படிச்சாராம்" என்றார். அந்தக் கையைத் தட்டிவிட்டேன். அவர்மேல் என்ன தப்பு? அவர் ஒரு கேள்வி கேட்டார். பதில் சொல்ல வேண்டியவன் நான்.

மூப்பர் பொறுப்பிலிருந்து விலகிக் கடிதம் கொடுத்தேன். சனிக்கிழமைப் படங்களையும் நிறுத்திவிட்டேன். நேற்று கீழ்த்தளத்து அலமாரியைக் காலி செய்து தரச் சொன்னார்கள். அந்த அட்டைப் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து, இரண்டு வருஷத்துத் தாள்களையும் முதல் தடவையாகப் படித்தேன். பிள்ளைகள் என்னென்னவோ எழுதியிருந்தார்கள். சில பேர் என்னைக் கேலிப்படம் வரைந்திருந்தார்கள், மூக்கு அச்சு அசலாக இருந்தது.

அக்டோபர் மாதத் தாள்களில் யெல்லேயின் தாளும் இருந்தது. லாரிப் பதிவேட்டில் எழுதுகிற அதே குச்சிக் குச்சியான பெரிய எழுத்து. உண்மை என்ற கட்டத்தில், "அவள் உள்ளே வந்தாள்" என்று எழுதியிருந்தான். பொய் என்ற கட்டத்தில் ஒன்றுமில்லை. வசனம் என்ற கட்டத்தில் இப்படி எழுதியிருந்தான்: "எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. அண்ணனுக்குத் தெரிந்திருக்கும். அவனிடம் கேட்க வேண்டும்."